கம்யூனிட்டி காலேஜ் கேலரிக்குப் படம் கொடுத்த அனுபவம்

எங்கள் ஊர் கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர்க்காரர்களுக்கான இரண்டு வருட அரசுக் கல்லூரி) ஒவ்வொரு வசந்தகாலத்திலும் மாணவர் கலைக் கண்காட்சி நடக்கும். இந்த வருடம் நானும் கொடுத்தேன். சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள இந்தப் பே ஏரியாவில் நம் ஆட்களில் எத்தனையோ பேர் வரைகிறார்கள், மண்பாண்டம் செய்கிறார்கள். எல்லாம் வீட்டுச் சுவரோடு நின்றுவிடுகிறது. அவர்களில் யாராவது இதைப் படித்துவிட்டு ஒரு விண்ணப்பம் போட்டால் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

தகுதி எளிமையானது. அந்தக் கல்வியாண்டில் கலைத்துறையில் ஒரு வகுப்பாவது எடுத்திருக்க வேண்டும். வயது வரம்பு கிடையாது. கலிஃபோர்னியாவில் வசிப்பவர் என்று கணக்கில் வந்துவிட்டால் கட்டணம் ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர். நான் எடுத்தது மூன்று யூனிட் அச்சுக்கலை வகுப்பு: 138 டாலர், அதோடு பொருள் செலவு. என் மேஜைக்கு எதிரில் பள்ளி முடித்து நேராக வந்த ஒரு பையன், பக்கத்தில் ஓய்வுபெற்ற ஒரு நர்ஸ் அம்மா. மூவரும் ஒரே பிரஸ்ஸுக்கு வரிசையில் நிற்போம்.

ஒருவருக்கு இரண்டு படம் வரை கொடுக்கலாம் என்றார்கள். இரண்டு லினோகட் கொடுத்தேன், அதாவது லினோலியம் தகட்டைச் செதுக்கி, மை தடவிக் காகிதத்தில் அச்செடுத்த படங்கள். ஒன்று திருவாரூர் தேர். மற்றொன்று எங்கள் அபார்ட்மெண்ட் சலவை அறை: டிரையர் மேல் உட்கார்ந்து ஒரு பெண் மெஷினில் போடும் குவார்ட்டர் காசுகளை (25 சென்ட் நாணயம்) எண்ணிக்கொண்டிருப்பாள். தேர்வு செய்ய வெளியிலிருந்து ஓர் ஓவியர் வந்தார். பெயர் மறைத்து, படத்தை மட்டும் பார்த்துத்தான் தேர்வு. சலவை அறை தேறியது, தேர் திரும்பி வந்தது. காரணம் சொல்வது வழக்கமில்லை, கேட்கவும் வேண்டாம். அந்தத் தேர் எனக்கு இன்றும் பிடித்த படம், ஹாலில் மாட்டியிருக்கிறேன்.

படிவத்தில் என்னை யோசிக்க வைத்தது விலைக் கட்டம். எனக்கு இருப்பது வேலை அனுமதி இல்லாத விசா. அதனால் ‘விற்பனைக்கு அல்ல’ என்று குறித்தேன். அப்படிக் குறித்தாலும் காப்பீட்டுக்காக ஒரு மதிப்பு எழுதியே ஆக வேண்டும். காகிதம், மை, ஃபிரேம், உழைத்த நேரம் எல்லாவற்றையும் கூட்டி எழுதச் சொன்னார் ஆசிரியர். என் உழைப்புக்கு நானே ஒரு தொகை போட்டது அதுதான் முதல் தடவை.

படத்தைப் பற்றிச் சிறு குறிப்பும் கேட்பார்கள், நூறு வார்த்தைக்குள். கண்ணுக்குத் தெரிவதை எழுதாதே, ஏன் செதுக்கினாய் என்பதை எழுது என்றார் ஆசிரியர். ‘ஞாயிறு காலை எங்கள் சலவை அறையில் நான்கு மொழி கேட்கும். மெஷின் சுற்றி முடிகிற நேரம் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ளப் போதும்’ என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் அதிகம் தேவைப்படவில்லை.

இனி சொல்லப்போவதுதான் முக்கியம். படம் நன்றாக இருந்தும் மாட்டுகிற நிலையில் இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள். நான் படம் கொடுத்த நாளில் அப்படி இரண்டு பேர் திரும்பிப் போனதைப் பார்த்தேன், மனசு கஷ்டமாக இருந்தது. ஃபிரேமின் மேல்விளிம்பில் ஆணிக்கு மாட்டுகிற பல்வைத்த தகடு இருந்தால் வாங்க மாட்டார்கள். பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் டி-ரிங் (D வடிவ வளையம்) திருகி, நடுவில் ஒயர் கட்டியிருக்க வேண்டும். ஒயரை இழுத்துப் பிடித்தால் அதன் உச்சி ஃபிரேமுக்கு மேலே தலைகாட்டக் கூடாது. கண்ணாடி வேண்டாம், அக்ரிலிக் ஷீட் போதும்.

ஃபிரேம் கடையில் கேட்ட விலை 200 டாலரைத் தாண்டியது. அதனால் 16-க்கு 20 அங்குல ரெடிமேட் ஃபிரேமும், நடுவில் ஜன்னல் வெட்டிய அமிலமில்லாத மேட் அட்டையும் வாங்கினேன். லினோ வெட்டும் முன்பே ஃபிரேம் அளவை முடிவு செய்துவிட்டால் பாதிச் செலவு மிச்சம்.

படத்தை அட்டையில் பொருத்துவதை எங்கள் கேலரிப் பொறுப்பாளர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். டேப் கூடவே கூடாது. சில வருடத்தில் பழுப்பேறி காகிதத்துக்குள் இறங்கிவிடும். டேப்புக்குப் பதில் மெல்லிய ஜப்பானியக் காகிதத்தில் தண்ணீரால் ஒரு கோடு இழுத்து, அந்த ஈரத்தில் சிறு பட்டையாகக் கையால் கிழிக்க வேண்டும். கத்தரியால் வெட்டினால் விளிம்பு தடித்து நிற்கும்; கிழித்தால் நார் நாராகப் பிரிந்து படத்தின் முதுகில் அப்படியே படிந்துவிடும். கோதுமை ஸ்டார்ச்சைக் காத்தாடிப் பசை போலக் காய்ச்சித் தடவினோம். மேல்விளிம்பில் இரண்டே இடத்தில் ஒட்டு. மற்ற மூன்று பக்கமும் சும்மா தொங்க வேண்டும், ஈரப்பதத்துக்கு ஏற்பக் காகிதம் விரியும், சுருங்கும். நாளைக்குப் பிரிக்க வேண்டுமென்றாலும் தண்ணீர் தொட்டால் போதும்.

மாட்டும் நாளில் உதவிக்கு ஆள் தேவை என்றார்கள், போனேன். கேலரி வகுப்பு மாணவர்கள்தான் எல்லாம் செய்கிறார்கள். எந்தப் படமானாலும் அதன் நடு தரையிலிருந்து 57 அங்குலத்தில் வர வேண்டும் என்பது கணக்கு. என் ஃபிரேம் உயரம் 20, பாதி 10, ஆக மேல்விளிம்பு 67-இல். இழுத்த ஒயர் மேலிருந்து 3 அங்குலம் கீழே நிற்கிறது. கொக்கி 64-இல். பென்சிலால் நானே புள்ளி வைத்தேன்.

‘கம்யூனிட்டி காலேஜ் கேலரிதானே’ என்று ஒரு தோழி சொன்னாள். அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். மெக்சிகோ ஓவியர் தியேகோ ரிவேரா 1940-இல் சான் ஃபிரான்சிஸ்கோ கண்காட்சியில் மக்கள் கண்முன் வரைந்த 74 அடி நீளச் சுவரோவியம் 1961-இல் போய்ச் சேர்ந்த இடம் அந்த ஊர் சிட்டி காலேஜ், அதுவும் கம்யூனிட்டி காலேஜ்தான். நடிகர் வின்சென்ட் பிரைஸும் அவர் மனைவி மேரியும் 1957-இல் தங்கள் சேகரிப்பிலிருந்து 90 படைப்புகளை ஈஸ்ட் லாஸ் ஏஞ்சலஸ் காலேஜ் என்ற இன்னொரு கம்யூனிட்டி காலேஜுக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். அங்குள்ள மாணவர்கள் அசல் ஓவியத்தைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பதே அவர்கள் எண்ணம். அதில் வளர்ந்ததுதான் இன்றைய வின்சென்ட் பிரைஸ் கலை அருங்காட்சியகம். பணம் அதிகம் இல்லாதவர்கள் படிக்கிற இடத்தில் நல்ல கலை இருக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் அவர்கள். எனக்கு அந்த நினைப்பு பெரிது.

திறப்பு மாலையில் கூட்டம் நன்றாகவே இருந்தது. என் படத்தின் முன் ஒருவர் வெகுநேரம் நின்றார். பிறகு என்னிடம் வந்து, “உங்கள் மெஷினுக்கு எத்தனை குவார்ட்டர்?” என்றார். அவர் வீட்டருகில் விலை ஏற்றிவிட்டார்களாம். பத்து நிமிடம் சலவை பற்றியே பேசினோம். ஓவியம் பற்றி ஒரு வார்த்தை இல்லை, ஆனால் படத்தை அவர் முழுசாகப் பார்த்திருந்தார்.

விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. படம் கொடுக்கும்போது தரும் ரசீதைப் பத்திரமாக வையுங்கள், திரும்ப வாங்க அது வேண்டும். குறித்த நாளில் ஒரு பழைய போர்வையோடு போய் எடுத்துவிடுங்கள். கேலரியில் வைத்திருக்க இடம் கிடையாது, அடுத்த கண்காட்சிக்கான பெட்டிகள் அன்றைக்கே வந்து இறங்கிவிடும்.