எம்டி-102 தேர்வு: ஒன்டிரைவ் பகுதியை நான் படித்த விதம்

நிறுவனக் கணினிகளை நிர்வகிப்பவர்களுக்கான மைக்ரோசாஃப்ட் தேர்வு எம்டி-102. இதற்குப் படிப்பவர்களில் பலர் கணினிகளைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் இன்ட்யூனிலேயே மூழ்கிப்போய், ஃபைல்களைக் கிளவுடில் சேமிக்கும் ஒன்டிரைவின் செட்டிங்குகளைக் கடைசி நாளுக்குத் தள்ளிவிடுகிறார்கள். அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்பவருக்கு அன்றாடம் கைகொடுப்பதே இந்தப் பகுதிதான். என்ன கேட்டார்கள் என்று வெளியே சொல்லக் கூடாது. படித்த முறையை மட்டும் சொல்கிறேன்.

நோன் ஃபோல்டர் மூவிலிருந்து தொடங்குங்கள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய ஃபோல்டர்களை ஒன்டிரைவுக்குள் நகர்த்தும் ஏற்பாடு அது. அதன் பாலிசிகளின் (நிர்வாகி கணினிகளுக்கு அனுப்பும் விதிகளின்) பெயர்கள் ஒன்றைப்போலவே ஒன்று இருக்கும், மனப்பாடம் செய்தால் குழப்பும். ஒவ்வொன்றையும் படிக்கும்போது ‘இப்போது பயனரின் திரையில் என்ன தெரியும்?’ என்று கேட்டுப் பாருங்கள். ஒன்று பயனரிடம் கேட்டு நகர்த்தும். இன்னொன்று கேட்காமலே நகர்த்திவிடும். இந்த இரண்டுக்கும் டெனன்ட் ஐடி, அதாவது மைக்ரோசாஃப்ட் கிளவுடில் நிறுவனத்தை அடையாளம் காட்டும் ஐடி, வேண்டும். வேறொன்று, நகர்த்தியதைப் பயனர் மறுபடி கணினிக்கே மாற்றிக்கொள்ளாமல் தடுக்கும். முதல் இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று தோன்றும், ஆனால் சேர்த்தே வைக்கலாம். ஓசையில்லாமல் நகர்த்துவது தோற்றால், பயனரிடம் கேட்கும் பெட்டி வரும்.

அப்புறம், எது எதை நம்பியிருக்கிறது என்று பாருங்கள். பயனர் ஒன்டிரைவில் சைன்-இன் ஆகாமல் எந்த ஃபோல்டரும் நகராது. அதனால் விண்டோஸ் கணக்கை வைத்தே தானாக சைன்-இன் செய்யும் செட்டிங்கும் கூடவே வேண்டும். அதற்குக் கணினி, மைக்ரோசாஃப்டின் கணக்கு நிர்வாகச் சேவையான என்ட்ராவில் சேர்ந்திருக்க வேண்டும். பழைய க்ரூப் பாலிசி ஒன்று டாக்குமென்ட்ஸை நெட்வொர்க் ஷேருக்கு (அலுவலக சர்வரில் உள்ள பொது ஃபோல்டருக்கு) திருப்பிவிட்டிருந்தால் அதை முதலில் எடுத்தாக வேண்டும். ஷேரில் இருக்கும் ஃபைல்கள் தாமாக வராது, தனியாகத்தான் மாற்ற வேண்டும்.

படித்ததை ஒரு விர்ச்சுவல் மெஷினில், அதாவது கணினிக்குள்ளேயே மென்பொருளால் இயங்கும் இன்னொரு கணினியில், செய்து பாருங்கள். பாலிசி வந்து சேர்ந்ததா என்று விண்டோஸ் செட்டிங்குகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில், ஹெச்கேஎல்எம் என்ற பிரிவில் சாஃப்ட்வேர், பாலிசிஸ், மைக்ரோசாஃப்ட், ஒன்டிரைவ் என்று இறங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். வெறும் வீடியோ பார்த்துப் படிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

தேர்ச்சிக்கு 1000-க்கு 700 வேண்டும். தேர்வின்போதே மைக்ரோசாஃப்ட் லேர்ன் பக்கங்களைத் திறக்கலாம், ஆனால் அதற்காகக் கூடுதல் நேரம் தரமாட்டார்கள். எனவே 250 ஜிபி ஃபைல் வரம்பு, ஃபைல் இருக்கும் இடத்தைக் காட்டும் பாதைக்கான 400 எழுத்து வரம்பு போன்ற எண்களுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.