வயிற்றுக்குள் விடும் கீமோ: அப்பாவுடன் பதினொரு பயணங்கள்

அப்பாவுக்கு இரைப்பைப் புற்றுநோய் என்று எண்டோஸ்கோப்பியில் தெரிந்தது. சி.டி. ஸ்கேனில் வேறெங்கும் பரவியதாகத் தெரியவில்லை. அறுவை சிகிச்சைக்கு முன் லேப்ராஸ்கோப்பி, அதாவது சிறு துளை வழியாகக் கேமராவை வயிற்றுக்குள் விட்டுப் பார்ப்பது, செய்தே ஆகவேண்டும் என்றார் மருத்துவர். வீண் செலவு என்று நான் வாதாடினேன். வயிற்றறையின் உள்ளுறையில் கடுகு இறைத்ததுபோல் பரவி ஒட்டியிருந்த புற்றுநோய்ப் புள்ளிகளை அந்தக் கேமராதான் காட்டியது. அறுவை சிகிச்சை என்ற பேச்சு அன்றோடு நின்றது.

இரத்தக்குழாயில் ஏற்றும் மருந்து அந்த உறைக்குப் போதிய அளவு போய்ச் சேராதாம். அதனால் வயிற்றுத் தோலுக்கு அடியில் போர்ட் எனும், மருந்து செலுத்துவதற்கான சிறு கருவியைப் பதித்து, அதன் வழியாகப் பாக்ளிடாக்செல் என்ற கீமோ மருந்தை நேரே வயிற்றறைக்குள் விடுகிறார்கள். பெரிய மூலக்கூறு என்பதால் அங்கேயே வெகுநேரம் தங்குமாம். மருந்தை அழுத்தத்துடன் நுண்துளிகளாகத் தெளிக்கும் பைபாக் முறையைப் பற்றியும் கேட்டேன். 2011இல் ஜெர்மனியில் தொடங்கியது அது. ஒவ்வொரு முறையும் மயக்க மருந்து கொடுத்து லேப்ராஸ்கோப்பி செய்யவேண்டும் என்பதால் அப்பா வேண்டாம் என்றார்.

மருத்துவர் எதையும் மறைக்கவில்லை. ஜப்பானில் 183 பேரிடம் நடத்தி 2018இல் வெளியான ஆய்வில், இந்த முறையில் இடைநிலை ஆயுள் (பாதிப்பேர் உயிருடன் இருந்த காலம்) 17.7 மாதம், வழக்கமான கீமோவில் 15.2 மாதம், புள்ளியியல்படி அந்த வேறுபாடு உறுதிப்படவில்லை என்றார். "இரண்டரை மாதம் என்றால் கிட்டத்தட்ட இரண்டு தேங்காய் வெட்டு" என்றார் அப்பா. முடிவு அவருடையது.

சிகிச்சை கோவையில். எங்கள் ஊர் கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, ரேஷன் கார்டும் கேரளத்துடையது. தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீடு எங்களுக்குக் கிடையாது. கொழிஞ்சாம்பாறைக்காரர்கள் கோவைக்குப் போகுமுன் இதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

21 நாள் ஒரு சுற்று. முதல் நாளும் எட்டாம் நாளும் வேலந்தாவளம் வழியாகப் பஸ்ஸில் போகிறோம். முதலில் இரத்தப் பரிசோதனை. வெள்ளணுக்கள் குறைந்திருந்தால் திரும்பவேண்டியதுதான். இரண்டு முறை அப்படித் திரும்பினோம். பிறகு கை நரம்பு வழியாக ஒரு பாட்டில் மருந்து, வயிற்றுப் போர்ட்டில் ஒரு லிட்டர் சலைனில் கலந்த மருந்து, ஏறக்குறைய ஒரு மணி நேரம். வயிறு கனத்து மூச்சு முட்டும். அப்போது அப்பாவை மெல்ல வலப்பக்கம், இடப்பக்கம் புரட்டிப் படுக்கவைப்பேன். வேட்டியைத் தளர்த்திக் கட்டுவது நல்லது. முடிச்சு போர்ட்டின் மேல் அழுந்தக்கூடாது. வீட்டில் இரண்டு வாரம் எஸ்-1 என்ற கீமோ மாத்திரை, ஒரு வாரம் ஓய்வு. போர்ட்டைச் சுற்றிச் சிவந்தாலோ, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ இரவென்றும் பாராமல் கிளம்பிவிடவேண்டும்.

விரல் நுனிகள் மரத்துவிட்டன. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். ஆனால் வாரந்தோறும் ஊசியால் எடுத்துக்கொண்டிருந்த வயிற்று நீர் நான்காம் சுற்றுக்குப் பிறகு கோக்கவில்லை. ஒரு தோசை முழுதாகச் சாப்பிடுகிறார்.

திங்கட்கிழமை பன்னிரண்டாவது முறை. தேங்காய் வெட்டுபவரை வியாழக்கிழமைக்கு வரச்சொல்லியிருக்கிறார் அப்பா.