மருத்துவ மிஷன் பற்றி ஆய்வேடு தொடங்குகிறவர்களுக்கு: என் தலைப்பு சுருங்கிய கதை

முதுகலை வரலாறு மூன்றாம் செமஸ்டரில் ஆய்வேட்டுக்குத் தலைப்பு கேட்டார்கள். 'சர்வதேச மருத்துவ மிஷன்கள்: ஓர் ஆய்வு' என்று எழுதிக் கொடுத்தேன். கைடு படித்துவிட்டு, "இதுல எந்த மிஷன்மா?" என்று கேட்டார். "எல்லாமே தான் மேடம்" என்றேன். "அப்போ அந்த எல்லாத்தையும் ஒரே தாள்ல எழுதிட்டு வா" என்று அனுப்பிவிட்டார்.

எழுதினேன். 1819இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவர் ஜான் ஸ்கடர். அவருடைய பேத்தி ஐடா ஸ்கடர் 1918இல் வேலூரில் பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவப் பள்ளி. 1938இல் இந்தியாவிலிருந்து காங்கிரஸ் சீனாவுக்கு அனுப்பிய ஐந்து மருத்துவர்கள்; அவர்களில் துவாரகாநாத் கோட்னிஸ் 1942இல் அங்கேயே இறந்துபோனார். 1963இல் கியூபா அல்ஜீரியாவுக்கு அனுப்பிய குழு. 1971இல் பாரிஸில் தொடங்கிய எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு. தாளை மறுபடி படித்தபோது எனக்கே புரிந்தது. மதம் பரப்ப வந்தவர், விடுதலை இயக்கம் அனுப்பி வைத்தவர், ஒரு அரசாங்கம் அனுப்பியவர் எல்லோரையும் 'மிஷன்' என்ற ஒரு சொல்லில் அடைத்து வைத்திருந்தேன். இவர்களுக்குப் பணம் கொடுத்தவர்கள் வேறு, கணக்குக் கேட்டவர்கள் வேறு. ஒரே ஆய்வேட்டில் இவர்களை நிறுத்தினால் ஆளுக்கு நாலு பக்கம்தான் வரும்.

நீங்களும் முதலில் அந்த ஒரு தாளை எழுதிப் பாருங்கள். பக்கத்தில் இரண்டு விஷயம் குறியுங்கள்: இவர்களைப் பற்றிய மூலப் பதிவுகள் எந்த மொழியில் இருக்கின்றன, அவற்றில் எது என் கைக்கு வரும். எனக்குத் தமிழும் ஆங்கிலமும்தான் தெரியும், வெளிநாடு போக வசதி இல்லை. இந்த இரண்டையும் வைத்து அடித்துக்கொண்டே வந்தபோது மிஞ்சியவர் யாழ்ப்பாணத்து சாமுவேல் ஃபிஸ்க் கிறீன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாஸ்டன் நகரத்து அமெரிக்கன் போர்டு என்ற மிஷன் சங்கம் அனுப்பி 1847இல் யாழ்ப்பாணம் வந்தவர் கிறீன். மானிப்பாயில் மருத்துவம் பார்த்தார். மறு வருடமே உள்ளூர் மாணவர்களுக்கு மருத்துவம் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். நடுவில் ஐந்து வருடம் அமெரிக்காவில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, 1873 வரை பணிசெய்தார். அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் அவரிடம் படித்து மருத்துவர்கள் ஆனார்கள். முதலில் ஆங்கிலத்தில் நடந்த வகுப்பைப் பிறகு தமிழுக்கு மாற்றினார். அதற்காக அவரும் அவர் மாணவர்களும் மேற்கத்திய மருத்துவப் பாடநூல்களைத் தமிழாக்கினார்கள்: 1867இல் 'இரணவைத்தியம்', 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்', 1875இல் 'கெமிஸ்தம்'. அறுவைச் சிகிச்சைக்கும் உடற்கூறுக்கும் நம்மிடம் புழங்கிய சொற்களை எடுத்தவர்கள், வேதியியலுக்கு வரும்போது ஆங்கிலச் சொல்லையே தமிழ்ப்படுத்தி வைத்துக்கொண்டார்கள். இந்த மூன்று பெயர்களைப் பார்த்தபோதுதான் எனக்கு இந்த ஆய்வில் பற்று வந்தது.

சரி, ஆள் கிடைத்துவிட்டார், எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஆறு வாரம் வீணானது அப்போதுதான். பிறப்பு, படிப்பு, கப்பல் பயணம், தியாகம், மறைவு என்று முதல் இயல் முழுக்க வாழ்க்கை வரலாறு. கைடு கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இதுல உன் கேள்வி எங்கே?"

'கிறீனின் மருத்துவப் பணிகள்' என்பது தலைப்பு மட்டும்தான், அதில் கேள்வி இல்லை. 'வகுப்பை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு ஏன் மாற்றினார், மாற்றியதால் அவரிடம் படித்தவர்கள் எங்கே போய் வேலை பார்த்தார்கள்?' என்பது கேள்வி. ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசு வேலை தேடி வெளியே போவார்கள், தமிழில் படித்தவர்கள் தங்கள் ஊரிலேயே நின்று வைத்தியம் பார்ப்பார்கள் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு பலித்ததா? இப்படிக் கேட்ட உடனே எந்தப் பதிவைத் தேட வேண்டும், எதை ஒதுக்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்தது. கப்பல் பயணம் ஒரு பத்தியானது. மாணவர் பட்டியல் ஓர் இயலானது.

அந்தப் பட்டியலில்தான் பெரிய தவறும் செய்தேன். ஆங்கிலப் பெயர் ஒன்றைப் பார்த்து, அவர் கிறீனுக்கு உதவ வந்த அமெரிக்கர் என்று எழுதிவிட்டேன். உண்மையில் அவர் யாழ்ப்பாணத்துத் தமிழர். அமெரிக்க மிஷன் பள்ளிகளில், மாணவனின் படிப்புச் செலவைக் கொடுத்த அமெரிக்கரின் பெயரை அந்த மாணவனுக்கு வைக்கும் வழக்கம் இருந்திருக்கிறது. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை என்ற யாழ்ப்பாணத் தமிழறிஞர்களின் பெயர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர்களுக்காவது தமிழ்ப் பெயர் கூடவே நிலைத்தது. மிஷன் அறிக்கையில் ஆங்கிலப் பெயர் மட்டும் அச்சான ஒருவரை, கொஞ்சம் கவனம் தப்பினால் நாமே வரலாற்றிலிருந்து துடைத்துவிடுவோம். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் பதறுகிறது. அதன் பிறகு ஒவ்வொரு பெயருக்கும் ஊர், தந்தை பெயர், படித்த வகுப்பு என்று ஒரு அட்டை போட்டேன்.

ஊர்ப் பெயர்களும் இப்படித்தான். கேட்டலாக்கில் வட்டுக்கோட்டை என்று தேடினால் கிடைக்காது. மிஷனரிகள் எழுதியது 'பட்டிகோட்டா'. தெல்லிப்பழை 'தில்லிபல்லி', உடுவில் 'ஊடூவில்'. பழைய எழுத்துக்கூட்டல்களைத் தொகுத்து நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். எனக்கு இதில் மிச்சமான நாட்கள் கொஞ்சநஞ்சமில்லை.

கடிதங்களைப் படிப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்கன் போர்டின் மூல ஆவணங்கள் ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன. நமக்கு எளிதில் கிடைப்பது அவர்களுடைய மாத இதழில் அச்சான கடிதங்களும், 1891இல் தொகுத்து வெளியிட்ட கிறீனின் கடிதங்களும். இதழில் வந்த கடிதத்தைப் படித்தவர்கள் அமெரிக்கத் தேவாலயங்களில் காணிக்கை போட்டவர்கள். அதனால் மருந்தை வாங்கியவர் நன்றியோடு ஜெபித்தார் என்பது அச்சாகும். மருந்தை வாங்கிக்கொண்டு மறுநாள் ஊர்ப் பரியாரியிடமும் (நாட்டு வைத்தியரிடமும்) போனவர் அச்சில் வருவது அரிது. கடிதம் பொய் என்று நான் சொல்லவில்லை. யாருக்கு எழுதியது என்று மேலே பென்சிலால் குறித்துவிட்டுப் படியுங்கள் என்கிறேன். அதே காலத்துக்கு வேறொரு குரலையும் பக்கத்தில் வையுங்கள்: 1841இல் அமெரிக்க மிஷனே யாழ்ப்பாணத்து வாசகர்களுக்காகத் தொடங்கிய 'உதயதாரகை' பத்திரிகை, இலங்கை அரசின் நிர்வாக அறிக்கைகள், மிஷனை எதிர்த்து எழுதிய சைவர்களின் துண்டுப் பிரசுரங்கள். மூன்றும் ஒத்துப்போகாத இடம் கிடைத்தால் சந்தோஷப்படுங்கள், அங்கேதான் நீங்கள் எழுத வேண்டியது இருக்கிறது.

பொருள் தேட, இலங்கைத் தமிழ் நூல்களை இணையத்தில் வைத்திருக்கும் 'நூலகம்' என்ற நிறுவனத்தின் டிஜிட்டல் தொகுப்பும், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகமும் நல்ல தொடக்கம். யாழ்ப்பாணம் தூரம் என்று தோன்றினால், யாழ்ப்பாணத்திலிருந்தே போய் 1834இல் அதே அமெரிக்கன் போர்டு தொடங்கிய மதுரை மிஷன் இருக்கிறது. லண்டன் மிஷன் 1838இல் மருத்துவப் பணி தொடங்கிய, கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர் இருக்கிறது. எங்கே போவதானாலும் துறைத்தலைவர் கையெழுத்தோடு போனஃபைட் கடிதம் எடுத்துக்கொண்டு, முதலில் போன் செய்துவிட்டுப் போங்கள். கடிதம் இல்லாமல் இரவு பஸ்ஸில் போய் ஒரு நூலக வாசலிலிருந்து திரும்பி வந்தவள் நான்.

இன்றைய மருத்துவ முகாம்களைப் பற்றி எழுதுகிற சமூக மருத்துவ, சமூகப்பணி மாணவர்களுக்கு ஒன்று. நோயாளியிடம் ஒரு கேள்வி கேட்பதற்கு முன்பே நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதி கையில் இருக்க வேண்டும், ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின்) 2017 வழிகாட்டு நெறிகளை அதற்கு முன் முழுதாகப் படித்துவிடுங்கள். எத்தனை பேருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது என்பதை முகாம் நடத்தியவர்களே எண்ணி வைத்திருப்பார்கள். குழு விமானம் ஏறிய பிறகு தையலில் சீழ் வைத்தவர் யாரிடம் போனார் என்று நீங்கள் கேளுங்கள்.

எழுதும் வரிசை பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். முன்னுரையில் தொடங்காதீர்கள். நான் மாணவர் பட்டியல் இயலை முதலில் எழுதினேன், அதுதான் ஆய்வேட்டில் மூன்றாவது இயல். அப்புறம் மொழிபெயர்ப்பு நூல்கள், அப்புறம் கிறீன். முன்னுரையைச் சமர்ப்பிக்கும் வாரத்தில்தான் எழுதினேன். கைடு அதில் ஒரு வரியை மட்டும் அடித்தார். மாணவர்கள் கிறீனுக்கு மொழிபெயர்ப்பில் 'உதவினார்கள்' என்று எழுதியிருந்தேன். "உதவினாங்களா, அவங்களே செஞ்சாங்களா? உன் மூணாவது சாப்டரை எடுத்துப் பாரு" என்றார். எடுத்துப் பார்த்தேன், 'மொழிபெயர்த்தார்கள்' என்று திருத்திக் கொடுத்தேன்.