தரையில் படுத்த பெருமாள்

மகாபலிபுரம் போகலாம் என்றதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அங்க இன்னா சாமிடா?" வேலூரிலிருந்து இருட்டிலேயே கிளம்பி, காஞ்சிபுரம், செங்கல்பட்டு என்று பஸ் மாறிப் போனோம். திருக்கழுக்குன்ற மலைக்கு ஜன்னலிலிருந்தே ஒரு கும்பிடு. படியேற அம்மாவின் முட்டி விடாது.

வெயில் ஏறுமுன் கடற்கரைக் கோயில். 8-ஆம் நூற்றாண்டில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பியது. உப்புக்காற்று தின்ற நந்திகளை நான் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, அம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். இரண்டு சிவன் சன்னதிகளுக்கு நடுவே, பாறையிலேயே செதுக்கிய பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார். விளக்கில்லை, பூவில்லை. "நம்ம கோட்டைக் கோயிலும் இப்படித்தான்டா கெடந்துச்சி" என்றாள்.

ஜலகண்டேஸ்வரர் இல்லாத வேலூர்க் கோட்டைக் கோயிலைச் சின்ன வயதில் பார்த்தவள் அவள். யாளித் தூண்களை வேடிக்கை பார்க்கலாம், கும்பிட ஒன்றும் இருக்காதாம். 1981-ல் சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்த பிறகுதான் அது கோயிலாச்சு என்பாள். அதனால்தானோ என்னவோ, டிக்கெட் வாங்கி வந்த அத்தனை கூட்டத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றது அவள் ஒருத்திதான்.

நடை சாத்துவதற்குள் தலசயனப் பெருமாள் கோயிலுக்கு ஓடினோம். 108 திவ்யதேசங்களில் ஒன்று. பூதத்தாழ்வார் பிறந்த ஊர். வேலூர்ப் பக்கத்துப் பள்ளிகொண்டா ஊர் ரங்கநாதரைப் பாம்பணையிலேயே பார்த்துப் பழகிய அம்மாவுக்கு, வெறுந்தரையில் படுத்தவரைக் கண்டதும் மனசு கேட்கவில்லை. "பாய்கூட இல்லியே சாமி!" அர்ச்சகர் சிரித்துவிட்டார். பிறகு கதை சொன்னார். பாற்கடலில் இருப்பவருக்குத் தாமரை சாத்த ஆசைப்பட்ட புண்டரீக மகரிஷி, வழி வேண்டி இந்தக் கடலைக் கையாலேயே இறைக்கத் தொடங்கினாராம். கிழவராக வந்த பெருமாள் பசிக்கிறது என்றார். ரிஷி சோறு கொண்டுவரப் போன நேரத்தில், அந்தப் பூவை எடுத்துச் சூடிக்கொண்டு தரையிலேயே படுத்துவிட்டார். உற்சவர் கையில் இன்றும் ஒரு தாமரை மொட்டு.

அர்ஜுனன் தபசு, வெண்ணெய்ப் பந்து எல்லாம் மத்தியானம் பார்த்தோம். ஒரே கூட்டம், போட்டோவுக்கு வரிசை.

சாயங்காலம் கடலோரம். அம்மா குனிந்து இரண்டு கையாலும் தண்ணீரை வாரி மணலில் ஊற்றினாள். மறுபடி ஒரு வாரி. "எத்தினி நாளு எறைச்சிருப்பாருடா அந்த ரிஷி?" கேட்டு முடிக்குமுன் அலை வந்து புடவையை முழங்கால்வரை நனைத்தது. காஞ்சிபுரம் வரைக்கும் ஈரத்தோடுதான் வந்தாள்.