கிரேஹவுண்டுக்கு வாய்மூடியா? எடையைச் சொல்லி வாங்கிவிடாதீர்கள்

பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற கிரேஹவுண்ட் நாயைத் தத்தெடுத்த கதையில் எழுத ஒன்றுமில்லை. படிவம், தடுப்பூசி அட்டை எல்லாம் சுலபமாக முடிந்தன. என் உயிரை எடுத்தது, கடிக்காமலிருக்க நாயின் வாயில் மாட்டுகிற வாய்மூடிதான்.

ஓடும்போது வேலியில் உரசித் தொடை கிழிந்துவிட்டது. இந்த இனத்துக்குத் தோல் அவ்வளவு மெல்லிசு. தையல் போட்ட டாக்டர், பிரிக்க வரும்போது வாய்மூடியோடு வரச் சொன்னார். நியாயம்தான். வலி வந்தால் எவ்வளவு சாதுவான நாயும் கடிக்கும்.

கடைக்காரர் முதலில் கேட்டது எடை. 32 கிலோ என்றதும் கூடை மாதிரி ஒன்றை எடுத்து வைத்தார், லார்ஜ். மூஞ்சியை அளந்து குறித்துக்கொண்டு போயிருந்தேன். அந்தச் சீட்டை அவர் கையில்கூட வாங்கவில்லை. “கிலோ கணக்குதான் சார், அட்டையிலேயே போட்டிருக்கு.” அட்டையில் இருந்தது லாப்ரடார் படம்! வேறு கடைக்கு அலைய நேரமில்லை, வாங்கிவிட்டேன்.

மாட்டினால் மூக்கு நுனி முன்கம்பியில் இடிக்கிறது, பக்கவாட்டில் என் விரல்கள் தாராளமாகப் போகின்றன. கிளினிக்கில் முன்னங்காலால் ஒரே தட்டு, கூடை தரையில். உடனே அங்கிருந்த உதவியாளர் குழாய் மாதிரி இருக்கும் நைலான் வாய்மூடி ஒன்றை மாட்டி வாயை இறுக்கிவிட்டார். நாய்க்கு உடம்புச் சூடு தணிவதே வாயைத் திறந்து இளைப்பதால்தான். பதற்றத்தில் இருக்கிற நாய்க்கு அதையும் அடைத்தால் என்ன ஆகும்? விலா எலும்புகள் ஏறி இறங்குவதைக் காட்டி நான் சத்தம் போட்ட பிறகுதான் டாக்டர் வந்து கழற்றச் சொன்னார். தையல் பிரிக்காமலே வீடு திரும்பினோம். கடையிலோ, எச்சில் பட்டதை மாற்றித் தர மாட்டார்களாம்.

அளவு எடுப்பது இப்படித்தான்: மூக்கு நுனியிலிருந்து கண்ணுக்குச் சற்றுக் கீழ்வரை நீளம், அதற்கு மேல் ஒரு சென்டிமீட்டராவது இடம் வேண்டும். சுற்றளவை வாய் மூடியிருக்கும்போது எடுக்காதீர்கள், இளைக்கிற அளவுக்குத் திறந்திருக்கும்போது எடுங்கள். கிரேஹவுண்டின் தலை கழுத்தை விடக் குறுகலானது, வார் காதைத் தாண்டி வழுக்கிவிடும். கழுத்துப்பட்டையோடு சேர்த்துப் பூட்டுகிற வகையாகப் பாருங்கள். கிரேஹவுண்டுக்கென்றே நீளமாகச் செய்த பிளாஸ்டிக் கூடைகள் கிடைக்கின்றன. எனக்கு அதுதான் சரியாக அமைந்தது.

பழக்குவதில் அவசரம் வேண்டாம். கூடைக்குள் உப்பும் சைலிட்டாலும் (நாய்க்கு விஷமாகும் இனிப்பூட்டி) சேர்க்காத வேர்க்கடலை வெண்ணெய் தடவிப் பிடித்தேன், அதுவாக மூக்கை நுழைத்தது. வாரைப் பூட்டவே இல்லை. அப்புறம் சில நொடிகள், பிறகு ஒரு நிமிடம். காலால் பிறாண்டத் தொடங்கினால் வேகமாகப் போகிறோம் என்று அர்த்தம். மாட்டியபடியே தண்ணீர் குடித்த அன்றுதான் எனக்கு நிம்மதி.

அடுத்த தடவை கிளினிக்கில் அதே உதவியாளர். கூடையைப் பார்த்ததும் என் நாய் தானாகத் தலையை நீட்டியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. தையல் பிரித்து ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம்.

இன்னொன்று: கிரேஹவுண்டுகளைச் சேர்ந்து ஓடவிட்டால் உற்சாகத்தில் ஒன்றையொன்று கவ்வும், மெல்லிய தோல் கிழியும். அதனால் மாட்டினால் எல்லா நாய்க்கும் மாட்டுங்கள். ஒன்றுக்கு மட்டும் மாட்டினால், மற்றது பாயும்போது அதற்குத் தற்காப்பே இல்லை.