மேலே கறள், உள்ளே கிறீஸ்

யாழ்ப்பாணத்தில் ஒரு சைக்கிளில் கறள், அதாவது இரும்புத் துரு, தெரிந்தால், வைத்திருப்பவர் அதைக் கவனிப்பதில்லை என்றே எல்லோரும் முடிவு செய்வார்கள். மூன்று பக்கமும் கடற்காற்று அடிக்கிற குடாநாட்டில் எண்ணெய் பூசியும் வர்ணம் அடித்தும் கறளை விரட்டுவதுதான் வழக்கம். அதைக் காசு செலவழித்து வரவழைக்கிறவனைக் கண்டு அயலவர்கள் சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் வீட்டுப் பின்கோடிக்குள் சில்லுகளின்றிச் சாய்ந்து கிடந்த பழைய ரலி (Raleigh) சைக்கிள் ஒன்றை, வீட்டில் கழித்துப் போட்ட சாமான்களைக் கொண்டு, வேண்டுமென்றே கறள் நிறத்தில் செய்து முடித்திருக்கிறேன். அது எப்படி அமைந்தது என்பதை, இதே ஆசை உள்ளவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

'ராற் றொட்' (rat rod) எனப்படும் இந்தப் பாணி அமெரிக்காவில் பழைய கார்களை வெட்டி ஒட்டி ஓடியவர்களிடமிருந்து சைக்கிளுக்கு வந்தது. அங்கே பெரும்பாலும் அடிப்படையாக எடுப்பது, 1933ஆம் ஆண்டில் ஷ்வின் நிறுவனம் அறிமுகப்படுத்திய தடித்த ரயர் வகைச் சைக்கிளின் வழிவந்தவற்றை. அவற்றின் ரயர் 26 அங்குல விட்டமும் இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட தடிப்பும் உடையது. நம்மிடம் உள்ளவையோ 28 அங்குலச் சில்லும் ஒன்றரை அங்குல ரயரும் கொண்ட, நிமிர்ந்திருந்து ஓடுகிற ஆங்கிலேயச் சைக்கிள்கள். வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து அதே தடித்த ரயரை இதில் திணிக்க முனைந்தால் போர்க்கிலும் பின்பக்கத்திலும் இடம் போதாது. ஆகவே ரலியை ரலியாகவே விட்டேன். கம்பி பிறேக்கும், பல்லுச் சக்கரத்தின் நடுவே வெட்டப்பட்ட, ரலியின் சின்னமான மூன்று நாரைத் தலைகளும் அப்படியே இருக்கின்றன. அந்த நாரைத் தலைகளுக்காகவே இந்த வேலை முழுவதையும் செய்யலாம். முதல் வர்ணமும் அதன் மேலுள்ள பொன் எழுத்துகளும் அழியாமல் இருக்கிற சைக்கிளில் மட்டும் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அது வேறு மரியாதைக்கு உரியது.

வெளித்தோற்றம் எவ்வளவு பழசாக வேண்டுமோ அவ்வளவுக்கு உள்பாகங்கள் புதிதாக இருக்க வேண்டும். முதலில் சட்டத்தின் குழாய்களைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்து, பெடல் அச்சுக் கூட்டுக்குள் வெளிச்சம் அடித்து, உள்ளே கறள் அரித்திருக்கிறதா என்று பார்த்தேன். கூரான ஊசி இறங்குகிற இடம் ஒன்று இருந்தாலும் அந்தச் சட்டம் பழைய இரும்புக்காரனுக்குத்தான். பிறகு அச்சுகளுக்குள் உருளுகிற இரும்புக் குண்டுகள் எல்லாவற்றையும் மாற்றினேன்; பெடல் அச்சுக்குக் கால் அங்குலம், முன் அச்சுக்கு மூன்றின் கீழ் பதினாறு அங்குலம். ஆங்கிலேயச் சட்டங்களில் பெடல் அச்சின் வலப்பக்கக் கோப்பைக்கும் இடது பெடலுக்கும் மரை எதிர்ப்பக்கமாக வெட்டப்பட்டிருக்கும் என்பதை மறந்து பலத்தைக் காட்டினால், இரண்டில் ஒன்று உடையும். கிறீஸ் வைத்து இறுக்கித் தந்த சைக்கிள் கடை அண்ணை, "தம்பி, உள்ளுக்கை புதுசு, வெளியிலை பழசு. ஆக்கள் மற்ற மாதிரியெல்லோ செய்யிறவை?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

வீட்டுச் சாமான்களில் முதலில் கைவைத்தது பழைய யன்னல் கம்பிகளில். உடைத்த அறையிலிருந்து கழற்றி மதிலோரம் போட்டிருந்த அவை, பல மழைக்காலம் கண்டு கடும் மண்ணிறம் அடைந்திருந்தன. அவற்றை வளைத்து ஒட்டிக் கரியராக்கி, மேலே பனஞ்சலாகைத் துண்டு ஒன்றைப் பூட்டினேன். பனையின் வெளிப்புற வைரத்தில் ஆணி நேராக இறங்காது; முதலில் துளையிட்டால்தான் பலகை பிளக்காமல் நிற்கும். துளையிடும்போது கறுப்பு நார்கள் கம்பி கம்பியாகச் சுருண்டு வெளியே வருவது பார்க்க அழகாக இருக்கும். செயினை மூடுகிற தகடு ஒரு பெரிய பிஸ்கற் தகரத்திலிருந்து வந்தது. வெள்ளீயப் பூச்சு சுரண்டுப்பட்ட இடங்களில் மட்டும் கறள் பிடித்து, எழுத்துகள் பாதி தெரியும்படி நின்றது தானாக வந்த நல்வாய்ப்பு. சீற்றின் பழைய சுருள்களுக்கு மேலே, கிழிந்த சாய்மனைக் கதிரையின் தடித்த துணியை இரட்டையாக மடித்து இழுத்துத் தைத்தேன். கைபிடிக்குத் தும்புக் கயிறு சுற்றியிருக்கிறேன். வேர்வை பட்டாலும் வழுக்காது, ஆனால் முதல் வாரம் உள்ளங்கை சிவக்கும்.

சிலவற்றைத் தொடவில்லை. தையல் மெஷினின் இரும்புக் கால்கள் இந்தச் சைக்கிளுக்கென்றே வார்த்தவைபோலத் தோன்றினாலும், அவை வார்ப்பிரும்பு. சாதாரண வெல்டிங் கம்பியால் ஒட்டினால் சூடு தணியும்போது வெடித்துவிடும். தண்ணீர்க் குழாயை ஹாண்டிலாக வளைக்கச் சொன்னவர்களும் உண்டு. நாகப்பூச்சுள்ள அந்தக் குழாயை ஒட்டும்போது எழுகிற வெள்ளைப் புகை காய்ச்சலைத் தரும். மேலும், மரை வெட்டிய முனையில் குழாய் மெலிந்திருப்பதால், ஒருநாள் கையோடு வந்துவிடும். ஹாண்டில், போர்க், பிறேக் ஆகிய மூன்றும் சைக்கிளுக்கென்று செய்தவையாகவே இருக்க வேண்டும். மூக்கு வைத்த பழைய குடிகலமான மூக்குப்பேணியை அறுத்து லைற் கூடாக்கலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். அம்மாவின் காதில் விழாமல் போனது அவருடைய அதிர்ஷ்டம்.

இனிக் கறள். இணையத்தில் பரவலாகச் சொல்லப்படும் முறை இதுதான்: வர்ணத்தை முழுதாகச் சுரண்டி, எண்ணெய்ப் பசை போகக் கழுவி, வினாகிரி தெளித்து, பிறகு மருந்துக்கடையில் விற்கும் 3 சதவீத ஐதரசன் பேரொட்சைட்டில் சிறிது வினாகிரியும் உப்பும் கலந்து தெளிப்பது. சில நிமிடங்களில் இரும்பு செம்மஞ்சளாக மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கையுறையும் கண்ணாடியும் போட்டு வெளிவளவில்தான் செய்ய வேண்டும்; மிஞ்சிய கலவையைப் போத்தலில் இறுக மூடி வைத்தால் வாயு சேர்ந்து வெடிக்கும். குளோரின் வகை வெளிற்றும் திரவம் எதையும் வினாகிரியோடு கலக்கவே கூடாது; அதிலிருந்து வருவது குளோரின் வாயு. அலுமினியத்திலும் குரோம் பூச்சிலும் இந்தக் கலவை கறளைத் தராது.

ஒரு மட்காட்டில் செய்து பார்த்த பிறகு இந்த அவசர முறை எனக்குப் பிடிக்கவில்லை. வருகிற நிறம் எங்கும் ஒரே மாதிரியாக, கைவைத்தால் பொடி ஒட்டுகிறதாக இருந்தது. பக்கத்தில் யன்னல் கம்பியை வைத்ததும் அதன் பொய் பளிச்சென்று தெரிந்தது. உண்மையான கறள் அடுக்கடுக்காக இருக்கும். மூட்டுகளில் கறுப்பாகவும், கை படுகிற இடங்களில் மினுமினுப்பாகவும் இருக்கும். அதனால் சட்டத்துக்கு உப்பைத் தவிர்த்து, வினாகிரித் துணியால் துடைத்து, வாடைக்காற்றுக் காலத்துப் பனியிலும் தூறலிலும் இரவுகளில் வெளியே விட்டு, பகலில் உலர்த்தி, தேங்காய்த் தும்பால் தேய்த்தேன். மெதுவாகத்தான் வந்தது. ஆனால் சுன்னாகப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போய் வந்தால் மண் எது, கறள் எது என்று பிரிக்க முடியாத நிறம் வந்தது. எங்கள் செம்மண்ணுக்கு அந்தச் சிவப்பைக் கொடுப்பதும் இரும்பு ஒட்சைட்டுகளே என்பதால் அதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை.

நிறம் போதும் என்று பட்டதும் அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் கழுவி அமிலத்தை நிறுத்தினேன். கடைசி அலசலுக்கு மழைத்தண்ணீரைச் சேர்த்து வைத்திருந்தேன்; எங்கள் கிணற்று நீர் சுண்ணாம்புப் பாறையிலிருந்து வருவதால் காய்ந்ததும் வெள்ளைப் புள்ளிகள் விழும், அவற்றின்மேல் வார்னிஷ் அடித்தால் என்றைக்கும் போகாது. உப்புக் கலவை பாவித்தவர்கள் இந்த அலசலில் சோம்பல் படவே கூடாது. உப்பு மிஞ்சினால் கறள் வார்னிஷுக்கு அடியில் தொடர்ந்து வளர்ந்து அதைச் செதில் செதிலாகக் கிளப்பும். நான் சட்டத்துக்கு வார்னிஷ் அடிக்காமல், கிறிக்கற் துடுப்புக்குப் பூசும் லின்சீட் ஒயிலை மெல்லிதாகத் தேய்த்தேன். மங்கினால் திரும்பப் பூசலாம். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் தானாகவே தீப்பற்றக்கூடும் என்பதால், விரித்துக் காயவிட்ட பின்பே அதை அகற்ற வேண்டும்.

முன்பக்கத்தில் அரிக்கன் லாம்பின் கூடு ஒன்று, ரலியின் பழைய லைற் கொக்கியில் பூட்டப்பட்டிருக்கிறது. எண்ணெய்த் தாங்கியை அறுத்து எடுத்துவிட்டு உள்ளே எல்ஈடி வைத்தேன். மின்சாரம் தருவது 6 வோல்ற், 3 வாற் டைனமோ. போரால் மின்சாரமும் பற்றரியும் இல்லாத 90களில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்ட தலைமுறைக்கு இந்த உருப்படியைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. டைனமோ தருவது திசை மாறி மாறிப் பாய்கிற ஆடலோட்டம் ஆகையால், எல்ஈடியின் நடுக்கம் குறைய, மின்னை ஒரே திசையில் விடுகிற நான்கு டயோட்டுகளை இடையில் சேர்த்தேன். நின்றதும் லைற் அணைந்துவிடுகிறது. அதற்கு மின்னைச் சேமித்து வைக்கிற ஒரு பெரிய கொள்ளளவியைக் கூட்டுக்குள் மறைத்துப் பூட்டுவதுதான் அடுத்த வேலை. பின்பக்கத்துச் சிவப்புத் தெறிகண்ணாடியை மட்டும் கடையில் புதிதாக வாங்கினேன். அந்த வேலையைச் செய்யக்கூடிய எதுவும் வீட்டில் கிடைக்கவில்லை.