விட்டுவிட்டுப் போக முடியாத முகாம்

சித்திரை பிறந்ததும் எங்கள் மே மாதக் குடும்ப முகாமைப் பற்றி என் கைபேசிக்கு ஒரே கேள்விதான் வரும். "அக்கா, பிள்ளைகளைக் காலையில் எத்தனை மணிக்குக் கொண்டுவந்து விட வேண்டும்? சாயங்காலம் எத்தனை மணிக்கு வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும்?" விட்டுவிட்டுப் போக முடியாது, நீங்களும் தங்கித்தான் ஆக வேண்டும் என்றதும் அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிடும். "நாங்கள் தங்கி என்ன செய்வது?" "ஆட வேண்டும்." "எனக்கு முழங்கால் வலி அக்கா." "முழங்கால் வலிக்காரர்களுக்கு ஓலை முடைகிற வேலை இருக்கிறது." அடுத்த கேள்வி சான்றிதழைப் பற்றியது. அதற்குப் பிறகு வருகிறேன். இப்போதே தொடங்கினால் கோபத்தில் மற்றதெல்லாம் மறந்துபோகும்.

நான் ராமநாதபுரத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறவள். எங்கள் வீட்டில் பரம்பரைக் கலைஞர் என்று யாரும் கிடையாது. தெரிந்த நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து, பெரியபட்டினம் பக்கம் கடலை ஒட்டிய ஒரு தென்னந்தோப்பில் மே மாதம் ஒரு வாரம் கூடி ஆட்டம், பாட்டு, கைவேலை கற்றுக்கொள்கிறோம். பேர் வைக்கவில்லை, பதாகை கட்டவில்லை. தோப்புக்காரர் காய் வெட்டி முடித்த சமயம் பார்த்து இடம் தருகிறார். பாத்திரம் வாடகைக்கு, பாய் அவரவர் வீட்டிலிருந்து. ஒரே விதி: தோப்புக்குள் வந்தவர் யாரும் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கக் கூடாது.

மே மாதம் ஏன் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அக்னி நட்சத்திரத்தில் யாராவது ஆடுவார்களா? காரணம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும். படகுக்குப் போகிற அப்பாக்கள் வீட்டில் இருக்கிற நீண்ட காலம் ஆண்டில் இது ஒன்றுதான். வலை சரிபார்ப்பது, படகுக்குச் சாயம் அடிப்பது என்று வேலை இருந்தாலும் ஒரு வாரம் ஒதுக்க முடியும். வேறு எந்த மாதத்தில் வைத்தாலும் இது குடும்ப முகாமாக இராது, அம்மாக்கள் முகாமாகத்தான் இருக்கும். நாட்டுப்படகுக்கும் கரைவலைக்கும் தடை இல்லை என்பதால் சூடை மீனுக்கும் பஞ்சம் வருவதில்லை. விலையைத்தான் கேட்கக் கூடாது.

வெயிலுக்குத் தக்கபடி நாளை வெட்டிக்கொள்கிறோம். விடியற்காலை ஆட்டம். எட்டு மணிக்குக் கம்பங்கூழ், வெங்காயம், சுட்ட கருவாடு. பிறகு நிழலில் கைவேலை. மத்தியானம் எல்லோரும் தூங்கிவிட வேண்டும். தூங்காத பிள்ளையைத் தூங்கவைக்கும் பொறுப்பு அந்தப் பிள்ளையின் அப்பாவுக்கு. நான் போட்ட சட்டங்களில் இதைத்தான் அம்மாக்கள் மிகவும் மெச்சுகிறார்கள்.

முதல் காலையை, வலை இழுக்கிறவர்கள் பாடுகிற அம்பாப் பாட்டில் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. கரைவலை இழுத்துப் பழகிய ஒரு பெரியவர் வருகிறார். நீளமான வடத்தை மணலில் போட்டு, ஒரு முனையைத் தென்னையில் கட்டிவிட்டு, எல்லோரையும் இழுக்கச் சொல்வார். "ஏலேலோ" என்றதும் பிள்ளைகளுக்குச் சினிமா ஞாபகம் வந்து சிரிப்பார்கள். பெரியவர் கண்டுகொள்ள மாட்டார். அவர் ஒரு வரி எடுப்பார், நாங்கள் ஐலசா போட வேண்டும், அந்த ஐலசாவில்தான் கால் பின்னால் போக வேண்டும். பாட்டில் மூச்சு விடுகிற இடமும் இழுக்கிற இடமும் எங்கெங்கே என்பது கைக்குத் தெரிந்த பிறகு, வடத்தைக் கீழே போட்டாலும் பாட்டு நிற்காது. யார் இழுக்காமல் பிடித்துக்கொண்டு மட்டும் நிற்கிறார்களோ அவர்களைப் பற்றி அந்த இடத்திலேயே ஒரு வரி கட்டிப் பாடிவிடுவார். இந்த முறை அகப்பட்டவர் வங்கியில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர். பணம் எண்ணுகிற கைக்கு வடம் எண்ணத் தெரியவில்லை என்ற பொருளில் ஒரு வரி வந்தது. அன்று முழுவதும் பிள்ளைகள் அதையே பாடிக்கொண்டு திரிந்தார்கள்.

ஒயிலாட்டம் அடுத்தது. காலில் சலங்கை, கையில் துண்டு, எதிரெதிராக இரண்டு வரிசை. மெதுவாகத் தொடங்கிப் பாட்டோடு வேகம் ஏறும். முன்பு ஆண்கள் மட்டும் ஆடியது. இப்போது பெண்களும் ஆடுகிறார்கள். துண்டுகள் எங்கள் கடையின் துண்டுக்கழிவில் நான் கொண்டுபோனவை, அதனால் ஒன்றுக்கொன்று நிறம் சேராது. மணலில் ஆடினால் கெண்டைக்கால் இரண்டே நாளில் பிடித்துக்கொள்ளும் என்பதைத் தவிர இங்கே சொல்ல அதிகம் இல்லை. பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள், பெரியவர்கள் திரும்புகிற இடத்தில் மோதிக்கொள்கிறார்கள்.

தவில்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நையாண்டி மேளக் குழுவில் வாசிக்கிறவர். பங்குனியிலிருந்து ஆடி வரை கோயில் கொடைகளும் திருவிழாக்களும் அடுத்தடுத்து வருகிற நாட்கள், அவர் சம்பாதிக்கிற நாட்கள். அதில் ஒரு வாரத்தை எங்களுக்குக் கொடுக்கிறார் என்றால் ஒரு திருவிழா இரவுக்கு வாங்குகிற அதே தொகையை நாளொன்றுக்கு நாங்கள் கொடுத்தாக வேண்டும். "கலைச்சேவை" என்று சொல்லிக் குறைவாகக் கொடுக்கலாமே என்று எங்களில் ஒருவர் யோசனை சொன்னார். கணக்கு எழுதுகிறவள் நான். அந்த யோசனை கணக்கில் ஏறவில்லை.

அவர் பிள்ளைகளைத் தவிலைத் தொடவிடவில்லை. தொடையில் தட்டி, "தா தீ தொம் நம்" என்று வாயால் சொல்ல வைத்தார். முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று வேகம் ஏறும். சலித்துப்போய் எழுந்தவர்களுக்கு விரல்கூடு செய்யும் வேலை. வலக்கை விரல்களில் மாட்டுகிற அந்தக் கூட்டைத் துணி சுற்றிப் பசை தடவி, காயவைத்து, மறுபடி சுற்றி உண்டாக்க வேண்டும். இடக்கைக்குப் பூவரசங்கம்பு. தோப்பு ஓரத்துப் பூவரசில் கம்பு வெட்டிச் சீவுவதற்கு அப்பாக்களிடையே பெரிய போட்டி. சொன்னால் நம்ப மாட்டீர்கள், கம்பு சீவுகிற கத்தியைக் கையில் கொடுத்துவிட்டால் ஆண்கள் கைபேசியை மறந்துவிடுகிறார்கள்.

நிழலில் பனை ஓலை வேலை. பெரியபட்டினத்து லாத்தா (முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒருவர் சொல்லிக்கொடுக்கிறார். குருத்தோலையை வெட்டிக் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் கிழித்துக்கொண்டு வருவார். அந்த அகலம்தான் எல்லாம். ஓர் இழை தடித்தாலும் பெட்டியின் வாய் கோணிக்கொள்ளும். கச்சான் என்கிற வறண்ட மேல்காற்று தொடங்கிவிட்டால் ஓலை சடசடவென்று முறியும். தண்ணீர் தெளித்து ஈரத்துணியில் சுற்றிவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். சிறுவர்களுக்குக் கிலுகிலுப்பை, உள்ளே நாலு கூழாங்கல். பெரியவர்களுக்குக் கொட்டான் என்கிற சின்ன ஓலைப்பெட்டி. வீட்டுக்கு எடுத்துப் போகிற அளவுக்கு யாராவது பெட்டி முடித்தால் லாத்தா அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடி ஆடுகிறதா என்று தட்டிப் பார்ப்பார். பெரும்பாலும் ஆடும்.

சாயல்குடிப் பக்கம் பனை ஏறுகிற ஆட்கள் குறைந்துவிட்டதால் குருத்தோலை கிடைப்பது கடினமாகிவிட்டது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது. நல்லதுதான். வெட்டாமல் காப்பாற்றிய மரத்தில் ஏறுவதற்கு யார் இருக்கிறார்கள் என்பதையும் யாராவது யோசிக்க வேண்டும்.

சிப்பி வேலை வைக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். வைப்பதில்லை, கரையில் கிடப்பதையெல்லாம் பொறுக்கிவிட முடியாது. கரையில் ஒதுங்கிய பவளத்தைச் சென்னைக்கார அப்பா ஒருவர் ஆசையாகப் பையில் போட்டு வைத்திருந்தார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா. பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காக்கப்படுகிற உயிர். செத்த துண்டையும் எடுத்துப் போகக் கூடாது. ரயிலில் போகிறவர் பாதிவழியில் மாட்டிக்கொள்வாரே என்று சொல்லித் திரும்பப் போடவைத்தோம்.

இப்போது பின்னல் கோலாட்டம். இந்த ஆண்டு முகாமில் பேசத் தகுந்தது இதுதான்.

உயரமான கம்பின் உச்சியில் ஒரு வளையம், அதிலிருந்து எட்டு நிறத்தில் எட்டுக் கயிறு. ஆளுக்கு ஒரு கயிறு இடக்கையில், கோல் வலக்கையில். ஒற்றைப்படைக்காரர்கள் வலம், இரட்டைப்படைக்காரர்கள் இடம். வலம் போகிறவர் எதிரே வருகிற முதல் ஆளுக்கு உள்ளே புக வேண்டும், அடுத்த ஆளுக்கு வெளியே போக வேண்டும்; இடம் போகிறவருக்கு இதுவே தலைகீழ். உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. கயிறுகள் மேலேயிருந்து சடையாகப் பின்னிக்கொண்டு இறங்கும். இறங்க இறங்கக் கயிறு குறையும், வட்டம் சுருங்கும், தோள்கள் இடிக்கும். பிறகு பாட்டு மாறி, எல்லோரும் வந்த வழியே திரும்பி ஆடிச் சடையை அவிழ்க்க வேண்டும். கடைசியாக யார் வெளியே போனார்களோ அவர்களேதான் அவிழ்க்கும்போது முதலில் வெளியே போக வேண்டும். அதை மறந்தால் கயிறு முடிச்சாகும்.

நாங்கள் ஒவ்வொரு முறையும் முடிச்சில்தான் முடித்தோம். எட்டுப் பேரில் நாலு பிள்ளைகள், மூன்று பெரியவர்கள், பள்ளியில் எப்போதோ ஆடிய நினைப்பில் நான். முடிச்சு விழுந்ததும் எல்லோரும் பச்சைக் கயிற்றுப் பையனைத் திட்டுவார்கள். அவன் மஞ்சள் கயிற்று அக்காவைக் கை காட்டுவான். அக்கா அழுவாள். யார் தப்புச் செய்தார்கள் என்று கண்டுபிடிக்கவே முடியாது, ஏனென்றால் ஆடுகிறவர் கண்ணுக்கு எதிரே வருகிற ஆள் மட்டும்தான் தெரியும்.

என் அத்தை, வீட்டுக்காரரின் அம்மா, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்தவர். விதிப்படி அவரும் சும்மா இருக்கக் கூடாது என்பதால் ஓலைப்பாய் முடைந்துகொண்டிருந்தார். அவர் பிறந்த ஊர் நரிப்பையூர்ப் பக்கம். சிறு வயதில் பாய் முடைந்தவர் என்பது எனக்குத் தெரியும். ஆட்டத்தை அவர் பார்த்துக்கொண்டிருந்ததாகவே எனக்குத் தோன்றவில்லை. திடீரென்று, "நிறுத்துங்கள். பச்சை இரண்டு தரம் மேலே போயிருக்கிறது" என்றார். எங்கே என்று கேட்டோம். எழுந்து வந்து கம்பைச் சுற்றியிருந்த சடையில் ஒரு சாண் மேலே விரலை வைத்தார். உண்மைதான். ஒவ்வொரு நிறமும் ஒன்றின் மேலே, ஒன்றின் கீழே என்று போயிருக்க, பச்சை ஓர் இடத்தில் இரண்டு கயிற்றைத் தாண்டி நீளமாகக் கிடந்தது. பையன் உள்ளே புக வேண்டிய இடத்தில் இரண்டாம் தரமும் வெளியே போயிருக்கிறான். அத்தை ஆட்களைப் பார்க்கவில்லை, சடையைப் பார்த்திருக்கிறார்.

அதன் பிறகு அவர் பாயைத் தொடவில்லை. கம்பு பக்கத்தில் ஒரு மரப்பலகை போட்டு உட்கார்ந்து, "நீலம் கீழே, சிவப்பு மேலே" என்று பேர் சொல்லாமல் நிறம் சொல்லி நடத்தினார். வங்கிக்கார மகனை "ஏ ஊதா" என்றுதான் கூப்பிட்டார். மறுநாள் லாத்தாவும் வந்து மறுபக்கம் உட்கார்ந்துகொண்டார். இருவருக்கும் ஒரு தகராறு: பின்னலை எத்தனை சாணில் நிறுத்துவது? அத்தை தரை வரை இறக்கலாம் என்றார். லாத்தா, வாய் கட்ட இழை மிச்சம் வைக்காமல் யாராவது பெட்டி முடைவார்களா என்று கேட்டார். லாத்தா சொன்னதே சரி என்று ஆடியபோது தெரிந்தது. கயிறு கைமுழம் மிச்சமிருக்கும்போது திரும்பினால்தான் தோள் இடிக்காமல் அவிழ்க்க முடிகிறது. அன்று மாலை முடிச்சில்லாமல் முழுவதும் அவிழ்ந்தது. யாரோ குலவை போட்டார்கள்.

தொதல் என்கிற இனிப்பைக் கிண்டிய இரவு தனிக் கதை. அரிசி மாவு, தேங்காய்ப் பால், கருப்பட்டி, கை மாற்றி மாற்றிக் கிண்டத் தெம்புள்ள ஆட்கள். தொதலுக்குப் பேர்போன கீழக்கரைக்காரர்களிடம் சொன்னால் எங்கள் பதத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள், அதனால் விட்டுவிடுகிறேன்.

சான்றிதழ். கடைசி நாள் ஓர் அப்பா தனியாக அழைத்துப் போய், பள்ளியில் காட்ட ஒரு தாள் வேண்டும், எழுதிக் கொடுத்தால் போதும் என்றார். அவர் பையன்தான் பச்சைக் கயிறு. எதை எழுதுவது? ஒரு தரம் வெளியே கூடுதலாகப் போனான் என்றா? மேடை வைத்து, ஒலிபெருக்கி கட்டி, மாலை போட்டு, தாள் கொடுத்தால் அடுத்த ஆண்டு கூட்டம் இரண்டு மடங்காகும் என்பது எனக்குத் தெரியும். அப்புறம் ஆடத் தெரிந்த எட்டுப் பிள்ளைகளை முன்னால் நிறுத்தி, முடிச்சுப் போடுகிற பெரியவர்களையெல்லாம் நாற்காலியில் உட்காரவைக்க வேண்டி வரும். நாற்காலி வாடகைக்கு நான் பணம் கொடுக்க மாட்டேன். அவருக்குத் தாள் கிடைக்கவில்லை. பையன் சீவிய பூவரசங்கம்பைக் கையில் கொடுத்து அனுப்பினேன். அவருக்கு மனக்குறைதான்.

அடுத்த ஆண்டுக்குத் தவில்காரருக்குத் தை மாதமே முன்பணம் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வைகாசித் திருவிழாக்காரர்கள் முந்திக்கொள்வார்கள். அத்தை இப்போதே பன்னிரண்டு கயிறு என்று பிடிவாதமாக இருக்கிறார். எட்டே போதும் என்கிறேன். அதிலும் ஏழுதான் கைவசம் இருக்கிறது. ஊதாக் கயிறு என் நாத்தனார் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போடும் கொடியாகிவிட்டது; கேட்டால், முகாம் முடிந்துவிட்டதே மதினி என்கிறாள்.